படிக்கும்போதே அழிந்த சீட்டு

அலுவலகத்தில் எல்லோரும் அவனைச் 'சுத்தியல்' என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் எழுதிய நிரல்களைப் போட்டு அடி அடியென்று அடித்து, எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. ஆள் என்னவோ ஒல்லி. கடைக்காரர் மீதியைக் குறைத்துக் கொடுத்தால் கூடக் கேட்கத் தயங்குகிறவன். அவன் மனைவியும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்த்தாள். அவளுக்கு நான்காம் மாடியில் ஜன்னல் ஓர இருக்கை. அவனுக்கு அடித்தளத்தில், சோதனைக் கணினிகள் வரிசையாக நின்று இரைந்துகொண்டிருக்கும் குளிர் அறை. "அவங்க மேல உக்காந்து கட்டுவாங்க, நீ கீழ உக்காந்து இடிப்ப. நல்ல குடும்பம்யா" என்று கேண்டீனில் கேலி செய்வார்கள். இருவருமே அதற்குச் சிரிப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சே ஒரு பிழையைப் பற்றியதுதான். அவள் எழுதிய ஏதோ ஒன்று அவன் சோதனையில் விழுந்துவிட்டது. நான்கு மாடி ஏறி வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "தப்பா நினைச்சுக்காதீங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தானே தவிர, விஷயத்துக்கு வரவில்லை. "நீங்க இன்னும் எதுவும் சொல்லலையே, எதத் தப்பா நினைக்கறது?" என்று கேட்டாள் அவள். அங்கே ஆரம்பித்தது.

அவர்கள் நிறுவனம் மருத்துவமனைக் கணினிகளுக்கான இயங்குதளத்தைத் தயாரித்தது. அதன் அடிமட்டத்தில், மற்ற எல்லா நிரல்களையும் கட்டி மேய்ப்பது கெர்னல். ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போது கெர்னல் அதற்கென்று ஒரு அடையாளச் சீட்டை நினைவகத்தில் எழுதி வைக்கும். இது யாருடைய நிரல், எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். நிரல் ஒரு கோப்பைக் கேட்கும்போதெல்லாம் கெர்னல் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். நிரல் முடிந்ததும் சீட்டை அழித்து, அது இருந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும்.

அந்தச் சீட்டுகளைக் காப்பதும் அழிப்பதும் அவள் பொறுப்பு. பழைய முறையில் எல்லாச் சீட்டுகளுக்கும் சேர்த்து ஒரே பூட்டு இருந்தது. கணினிக்குள் ஒரே நேரத்தில் பல செயலிகள், அதாவது ப்ராசஸர்கள், வேலை செய்யும்; ஒன்று உள்ளே போனால் மற்றவை எல்லாம் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். மருத்துவமனைகளிலிருந்து 'மெதுவாக இருக்கிறது' என்று புகார் மேல் புகார். அவள் பல மாதம் உட்கார்ந்து அந்தப் பெரிய பூட்டையே எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு எண்ணிக்கை. சீட்டைப் படிக்கப் பிடிக்கும் செயலி ஒன்று கூட்டும், படித்துவிட்டு விடும் செயலி ஒன்று குறைக்கும், பூஜ்யமானால் சீட்டு அழியும். கணினிகள் பறந்தன. மேலாளர் நான்காம் மாடி முழுக்கக் கேட்கும்படி அவளைப் பாராட்டினார். பாதுகாப்புக் குழுவின் தலைவி வேறு வேலைக்குப் போகவிருந்தாள். அந்த இடத்துக்கு இவள் பெயர்தான் அடிபட்டது. இயங்குதளத்தின் புதிய பதிப்பை வெளியிட்ட கையோடு முடிவு சொல்வதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வெளியீட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்த சமயம் அடித்தளத்தில் ஒரு சோதனைக் கணினி உறைந்து நின்றது.

சுத்தியல் முதலில் நினைவக அட்டைமேல் சந்தேகப்பட்டு அதை மாற்றிப் போட்டான். மறுநாள் வேறொரு கணினி விழுந்தது. இரண்டிலும் ஒரே செய்தி: அழிந்துபோன ஒரு சீட்டை யாரோ படிக்கப் போயிருக்கிறார்கள். அவனுக்கு மூக்கு வேர்த்தது. ஒரு செயலி சீட்டின் முகவரியை எடுப்பதற்கும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் நடுவில், வேண்டுமென்றே ஒரு சின்னத் தாமதத்தைச் செருகிவிட்டு மீண்டும் ஓட்டினான். எப்போதோ ஒரு முறை விழுந்தது இப்போது சடசடவென்று விழுந்தது.

விழாமல் போன ஒரு ஓட்டத்தைத்தான் அவன் மறுபடி மறுபடி பார்த்தான். அதில் கணினி உறையவே இல்லை. எந்த உரிமையும் இல்லாத ஒரு சோதனை நிரல், பூட்டி வைத்திருந்த ஒரு நோயாளியின் கோப்பைத் திறந்து சாவகாசமாகப் படித்திருந்தது. பழைய சீட்டு அழிந்து, அதே இடத்தில் வேறொருவருடைய புதுச் சீட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. கெர்னல் அதைப் பார்த்து 'சரி, போ' என்று விட்டிருக்கிறது.

பிழை கண்டால் உடனே பதிவுசெய்ய வேண்டும் என்பது அடித்தளத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவன்தான். அன்றைக்கு அவன் பதிவு செய்யவில்லை.

இன்னும் நன்றாக உறுதி செய்துகொள்வோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பிறகு, பிழை வேறு எங்காவது இருக்கலாமே என்றான். கடைசியில், பிழையையும் அதற்கான மருந்தையும் சேர்த்தே அவள் கையில் கொடுத்துவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லையே என்று தோன்றியது. அவள் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு தானே சரிசெய்யப் பார்த்தான். இரண்டு இடத்தில் பூட்டுப் போட்டான். கணினி மொத்தமாக நின்றது. நீ பிடித்த பூட்டை முதலில் நீ விடு என்று இந்தச் செயலியும் அந்தச் செயலியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. உடைப்பதில் அவன் கைதேர்ந்தவன். கட்டுவது அவனுக்கு வரவில்லை.

வீட்டில் அவன் வழக்கத்துக்கு மேல் நல்லவனானான். கேட்காமலே பாத்திரம் துலக்கினான். அவள் துணிகளை மடித்து வைத்தான். அவள் ஏதாவது சொன்னால் முழுவதும் கேட்பதற்கு முன்பே "ஆமா ஆமா" என்றான்.

"உனக்கு என்ன ஆச்சு? எங்கேயாவது மோதிட்டு வந்தியா?" என்று கேட்டாள். வண்டி அவனிடம் இல்லவே இல்லை. இருவரும் பஸ்ஸில்தான் போய் வருவார்கள்.

"ஒண்ணுமில்லையே" என்றான்.

அவர்கள் குடியிருந்தது மாடியில். கீழே அவன் அக்காவின் தையல் கடை. அக்கா தனியாள், வாயில் குண்டூசியும் கழுத்தில் அளவு நாடாவுமாகவே தெருவுக்கு அவளைத் தெரியும். தம்பி காலையில் படியிறங்கி வரும் முகத்தைப் பார்த்தே மனதில் எவ்வளவு துக்கம் என்று சொல்லிவிடுவாள். அன்று அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் மென்று முழுங்கிச் சொல்லிவிட்டான். "அவ எழுதினதுல ஒரு ஓட்டை இருக்குக்கா. இப்ப வெளிய சொன்னா அந்தப் பதவி அவளுக்குக் கிடைக்காது. முடிவு சொல்லட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"உனக்கு மூளை இருக்கா?" என்றாள் அக்கா. "நீ யாருகிட்ட மறைக்கிறே, ஊர்கிட்டயா, அவகிட்டயா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் ஓடினான்.

அன்று சாயங்காலம் அவள் புதுச் சட்டைக்கு அளவு பார்க்கக் கீழே இறங்கினாள். பதவி கிடைக்கிறதோ இல்லையோ, வெளியீட்டு நாளில் போட்டுக்கொள்ள ஒரு நல்ல சட்டை வேண்டும் என்று அக்காதான் துணி எடுத்திருந்தாள். உடம்பைச் சுற்றிக் குண்டூசி குத்தி, அசையக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தாள்.

"தோள் கொஞ்சம் லூசா இருக்கட்டும்," என்றாள் அக்கா. "இந்த ஓட்டை சமாச்சாரமெல்லாம் முடிஞ்சப்புறம் நல்லாச் சாப்பிட்டு உடம்பு வச்சா, இறுக்கிப் பிடிக்கும்."

"எந்த ஓட்டை அண்ணி?"

அக்காவின் கை நின்றது. சமாளிக்கத் தெரியாத முகம் அது. "இல்ல... துணில..." என்று ஆரம்பித்தாள்.

"அண்ணி."

"அவன் உன் நல்லதுக்குன்னுதாம்மா நினைச்சான். அடிமுட்டாள். ஆனா உன் நல்லதுக்குத்தான்."

குண்டூசிகளோடு அப்படியே நின்றுகொண்டு அவள் முழுவதையும் கேட்டாள். அக்காவுக்குத் தெரிந்தது அதிகம் இல்லை. தெரிந்தவரை போதுமானதாக இருந்தது. சட்டையைக் கவனமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். அன்றைக்கு அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் நான்காம் மாடிக்குப் போகாமல் அவனோடேயே படியிறங்கி அடித்தளத்துக்கு வந்தாள். கைப்பையை ஒரு கணினியின் மேல் வைத்துவிட்டு, "ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

தனியாக இருக்கும்போது அவர்கள் 'நீ, வா, போ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். அக்கா முன்னால் மட்டும் அவனுக்கு மரியாதை கிடைக்கும். இந்த 'ங்க' வந்ததும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் ஓட்டினான். கணினி விழுந்தது. மறுபடி ஓட்டினான். அந்தக் கோப்பு திறந்தது. அவள் திரையை நோக்கிக் குனிந்து, தான் எழுதிய வரிகளைத் தன் விரலாலேயே தொட்டுத் தொட்டுப் போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்க," என்றாள். "முகவரிய எடுக்கிறேன். அடுத்த வரியில கூட்டுறேன். நடுவுல இன்னொரு செயலி கடைசி ஆளா விட்டுட்டு அழிச்சுட்டான்னா, நான் கூட்டுறது செத்துப்போன சீட்டு மேல. பழைய பூட்டு இருந்தப்ப இந்த நடுவுல யாரும் வர முடியாது. நான் பூட்ட எடுத்தேன். நடுவுல வாசல் திறந்து கிடக்குங்கறத யோசிக்கல."

"அது ரொம்பச் சின்ன இடைவெளி," என்றான் அவன். "யாருக்கும்..."

"உங்களுக்குக் கிடைச்சிருக்கே." அவள் நிமிர்ந்தாள். "எப்பலருந்து தெரியும்?"

"நாலு நாளா."

"சரி. இந்தத் தப்பு என்னோடது. அத யாரு வேணா எழுதியிருக்கலாம், நான் எழுதிட்டேன். நாலு நாள் யாரோடது?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னா எங்கிட்டதான முதல்ல வரணும்?" அவள் குரல் உயரவில்லை, கணினிகளின் இரைச்சலில் அவன் அருகே வந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "அவ்வளவு பெரிய பூட்ட எடுக்கறதுக்கு எனக்கு எங்கருந்து தைரியம் வந்துச்சுன்னு நினைக்கறீங்க? நான் என்ன தப்புப் பண்ணாலும் கீழ ஒரு ஆளு இருக்கான், கண்டுபிடிச்சுடுவான், கண்டுபிடிச்சா மாடியேறி வந்து சொல்லிடுவான்னு நம்பித்தான் எடுத்தேன். நீங்க சொல்லாம விட்டா நான் யார நம்பி எழுதறது? இன்னும் ரெண்டு நாள்ல இது ஏதோ ஒரு ஆஸ்பத்திரில ஓடும். யாரோ ஒருத்தரோட ரிப்போர்ட்ட யாரோ படிப்பாங்க."

அவனுக்குக் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அப்புறம் கேளுங்க," என்றாள். "இப்ப மேல வாங்க."

மேலாளர் தன் அறையில் காலை உணவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். வெளியீட்டை நிறுத்த வேண்டும், பிழை என்னுடையது, காரணம் இது. அவர் பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்தார். பிறகு சுத்தியல் சொன்னான். "எனக்கு நாலு நாளாத் தெரியும் சார். நான்தான் பதிவு செய்யல."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் மேல கோபப்படறதுன்னு சொல்லுங்க, பட்டுடறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு அழைப்புக்கும் மறு அழைப்புக்கும் நடுவில் அவனைப் பார்த்து, "வீட்டுக்காரம்மா எழுதினத வீட்டுக்காரரே சோதிக்கறது... அத நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். இது முடியட்டும். உன்ன நெட்வொர்க் பக்கம் மாத்தறேன்" என்றார். அவன் தலையாட்டினான்.

"அந்தப் பதவி..." என்று அவளிடம் தயங்கினார்.

"அத அப்புறம் பேசலாம் சார்" என்றாள் அவள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் தன் இருக்கையையே அடித்தளத்துக்கு மாற்றிக்கொண்டாள். குளிருக்கு அக்காவின் பழைய கம்பளிச் சட்டை. அவள் எழுதுவாள், அவன் உடைப்பான். வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான் இருவருக்கும். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அவள் கண்ட மருந்துக்கு இரண்டு பாகம். எண்ணிக்கை ஏற்கெனவே பூஜ்யமாகிவிட்ட சீட்டை யாரும் புதிதாகப் பிடிக்கக்கூடாது. 'அப்படி ஒரு சீட்டு இல்லை' என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டும். அடுத்தது, பூஜ்யமானவுடன் சீட்டை அழித்துவிடக்கூடாது. அந்தச் சமயத்தில் உள்ளே நின்று படித்துக்கொண்டிருக்கும் செயலிகள் எல்லாம் ஒரு தடவை வெளியே வந்துவிட்டன என்று நிச்சயமான பிறகே இடத்தைத் திருப்பித் தர வேண்டும். படிக்கிறவர்களுக்கு வரிசையும் இல்லை, பூட்டும் இல்லை. அழிக்கிறவர் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

முதல் முயற்சியில் அழிக்கக் காத்திருந்த சீட்டுகள் மலைபோலக் குவிந்து நினைவகமே நிரம்பியது. "மூச்சு முட்டிடுச்சு" என்றான் அவன், திரையைக் காட்டி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். குவியல் ஓர் அளவைத் தாண்டினால் புதுச் சீட்டு கேட்பவர்களைச் சற்று நிறுத்திவைத்து முதலில் பழையதைக் கழிக்கும்படி செய்தாள். அவன் தாமதத்தை எந்த இடத்தில் செருகினாலும் இனி விழவில்லை. அவனால் நம்ப முடியாமல் அதைப் பல நாள் போட்டு அடித்தான்.

அப்படி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று விழுந்தது. அவள் தொடாத பகுதி அது. வேறு கணினியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் பழைய நிரல். சீட்டின் முகவரியை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறதே தவிர எண்ணிக்கையைக் கூட்டவே இல்லை. பெரிய பூட்டு இருந்த காலம் முழுக்க அந்தத் தவறு வெளியே தெரியாமல் கிடந்திருக்கிறது.

இந்த முறை அவன் அவளிடம்கூடச் சொல்லாமல் முதலில் பதிவு செய்தான். பிறகுதான் அவளைக் கூப்பிட்டான். எழுதியவர் யார் என்று பார்த்தபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் இளைஞராக இருந்தபோது எழுதியது.

"நீயே போய்ச் சொல்லு" என்றாள் அவள். பேச்சு பழையபடி ஆகிவிட்டதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் கவனித்தான்.

மேலாளர் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். தன் பழைய வரிகளைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இத எழுதினதுக்கு எனக்கு அந்த வருஷம் சம்பளம் ஏத்தினாங்க," என்றார். "நல்லா ஓடுதுன்னு." பிறகு தலையில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் அவளிடம், "இதச் சரிபண்றதும் நீதானா, இல்ல நானே உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்களே உக்காருங்க சார். இவர் உடைச்சுக் காட்டுவாரு" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். இரண்டு முறை சுத்தியலிடம் அடி வாங்கி, மூன்றாவது முறை தேறினார்.

வெளியீடு தாமதமாகத்தான் போனது. ஒரு வாடிக்கையாளர் கைவிட்டுப் போனார். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு இருந்தார்கள். குழுத் தலைமை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அதைக் கேட்ட அன்று அவள் அக்காவின் கடையில் போய் உட்கார்ந்து வெகுநேரம் பொத்தான் பிரித்துக் கொடுத்தாள். "உனக்கு வருத்தமா?" என்று அக்கா கேட்டதற்கு, "இருக்காதா அண்ணி?" என்றாள். அக்கா அவளுக்கு இன்னொரு டப்பா பொத்தானை நகர்த்தி வைத்தாள். சுத்தியல் நெட்வொர்க் பகுதிக்குப் போனான். அவள் எழுதுவதைச் சோதிக்க ஒரு புதுப் பெண் வந்தாள். 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்ற பேச்செல்லாம் அவளிடம் கிடையாது; "இது தேறாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அது தனக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்று இவள் வீட்டில் சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் வாடியது.

மன்னிப்பை அவன் எப்போது கேட்டான், அவள் என்ன சொன்னாள் என்பது அவர்களுக்குள் இருந்தது. அக்காவுக்கே தெரியாது.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மாலை, பஸ்ஸில் உட்கார இடமில்லை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நனைந்த குடைகளும் டிபன் டப்பாக்களும் இடித்தன. அவள் திடீரென்று, "ஒரு யோசனை இருக்கு" என்றாள். ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் உரிமைகளை மாற்ற வேண்டி வந்தால், இருக்கும் சீட்டைத் திருத்தாமல் புதுச் சீட்டு எழுதி மாற்றிவிடலாம் என்று விளக்கினாள். ஒரு கையில் கம்பி இருந்ததால் மற்றொரு கையாலேயே சீட்டு, செயலி, கோப்பு மூன்றையும் காட்ட வேண்டியிருந்தது.

"பழைய சீட்ட யாரு விடுவாங்க?" என்று கேட்டான்.

"மாத்தினவன் விடுவான்."

"ரெண்டு பேரு ஒரே சமயத்துல மாத்தினா? ரெண்டு பேரும் அதே பழைய சீட்ட விடுவாங்க. ரெண்டு தடவ குறையும்."

அவள் யோசித்தாள். "ஒருத்தன்தான் ஜெயிக்க முடியும். தோத்தவன் பழையதத் தொடக்கூடாது."

"தோத்தவன் எழுதி வச்ச புதுச் சீட்டு?"

"அத அவனே கிழிச்சுடணும்."

"மறந்துட்டான்னா?"

"மறக்க மாட்டான்."

"யாரு எழுதறா அத?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சீட்டுக் கம்பெனிச் சண்டை என்று நினைத்திருப்பார்.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நடத்துநர் கடைசி நிறுத்தம் என்று குரல் கொடுத்தபோதுதான் இருவரும் வெளியே பார்த்தார்கள். இறங்கி, ஒரே குடைக்குள் வந்த வழியே நடக்க ஆரம்பித்தார்கள். தோற்றவன் மீண்டும் முதலிலிருந்து முயல வேண்டுமா, தோற்றதைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டுமா என்பதில் அவர்களுக்கு உடன்பாடு வரவில்லை. அவள் பையில் தொலைபேசி அடித்தது. அக்கா.

"எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?"

"வந்துட்டே இருக்கோம் அண்ணி," என்றாள். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அவன் பக்கம் திரும்பி, "நிக்கக்கூடாது, திரும்ப முயலணும், நான் சொல்றதக் கேளு" என்றாள்.